கம்பிவடத் தொலைக்காட்சியிலிருந்து இணையவழித் தொலைக்காட்சிக்கு மாறுதல்

கம்பிவடத் தொலைக்காட்சியிலிருந்து இணையவழித் தொலைக்காட்சிக்கு மாறுதல் என்பது, ஒரு வீடு உள்ளூர் கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதே தொலைக்காட்சி அலைவரிசைகளை இணைய இணைப்பின் மூலம் நேரலையாகப் பெறத் தொடங்குவதைக் குறிக்கும். அமெரிக்கா போன்ற நாடுகளில் இம்மாற்றம் பெரும்பாலும் மாதச் செலவைக் குறைப்பதற்காகத் தொடங்கியது. தமிழ்நாட்டின் நிலை இதற்கு மாறானது. இங்கு ஒரு வீட்டிற்குப் படமும் ஒலியும் கொண்டுவரும் வழிகளுள் மிக மலிவானவற்றுள் ஒன்றாகக் கம்பிவடமே இருந்து வந்துள்ளது. ஆகவே இம்மாற்றத்தினால் ஒரு குடும்பம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதைத் தனியே கணக்கிட்டே அறிய வேண்டியுள்ளது. இக்கட்டுரை அக்கணக்கைக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகின்றது.

## சொல் விளக்கம்

தொலைக்காட்சி அலைவரிசைகள் வீட்டை அடையும் வழிகள் பல. அவை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு.

- கம்பிவடத் தொலைக்காட்சி (பேச்சுவழக்கில் கேபிள் டிவி): செயற்கைக்கோளிலிருந்து பெறப்படும் அலைவரிசைகளை ஓரிடத்தில் திரட்டி, வடத்தின் மூலம் வீடுகளுக்கு அனுப்பும் முறை.
- டிடிஎச்: வீட்டின் மேல் பொருத்தப்படும் சிறு வட்டில் (டிஷ்) செயற்கைக்கோள் சமிக்ஞையை நேரடியாகப் பெறும் முறை.
- ஐபிடிவி: ஓர் இணைய நிறுவனம், தன் சொந்த வலையமைப்புக்குள் மட்டும், தன் வாடிக்கையாளர்களுக்கு அலைவரிசைகளை வழங்கும் முறை.
- இணையவழி நேரலைத் தொலைக்காட்சி: எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பிலும் இயங்கும் ஒரு செயலியின் வழியே அலைவரிசைகளை வழங்கும் முறை. ஓடிடி எனப்படும் சேவைகளுள் நேரலையைத் தரும் பகுதி இதுவாகும். திரைப்படங்களையும் தொடர்களையும் வேண்டிய நேரத்தில் பார்க்கும் வசதி இதனுடன் சேர்ந்து கிடைப்பதால் இரண்டும் ஒன்றே எனக் கருதப்படுவதுண்டு. தொழில்நுட்ப நோக்கில் அவை வேறு வேறு.

## வரலாறு

### கம்பிவடத்தின் எழுச்சி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பின் பல ஆண்டுகள் தூர்தர்ஷன் மட்டுமே தமிழக வீடுகளில் காணக் கிடைத்தது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரைச் செயற்கைக்கோள் வழியே நேரடியாகக் காணும் வாய்ப்பு இந்திய நகரங்களில் கம்பிவட இணைப்புக்கு ஒரு தூண்டுதலாக அமைந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டபின், தமிழ் நிகழ்ச்சிகளுக்காகவே இணைப்புப் பெறும் வழக்கம் சிற்றூர்கள் வரை பரவியது.

இத்தொழில் பெருநிறுவனங்களால் திட்டமிட்டு வளர்க்கப்பட்டதன்று. ஒரு பெரிய வட்டில், சில பெறுவிகள், தெருக்கம்பங்களின் மேல் இழுத்துக் கட்டிய கருப்பு வடம் ஆகியவற்றைக் கொண்டு உள்ளூர் இளைஞர்கள் ஊருக்கு ஊர் தொடங்கிய தொழில் இது. இவர்களை முறைப்படுத்தக் கம்பிவடத் தொலைக்காட்சி வலையமைப்புகள் (ஒழுங்குமுறை) சட்டம் 1995இல் இயற்றப்பட்டது. இதன்படி உள்ளூர் இயக்குநர்கள் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டபின் இப்பதிவு நடுவண் அரசின் இணையவாயிலுக்கு மாற்றப்பட்டது.

### அரசின் பங்கு

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை தமிழ்நாடு பிற மாநிலங்களினின்றும் வேறுபட்டு நிற்பதற்கு அரசின் இரு நடவடிக்கைகள் காரணங்களாக அமைந்தன.

முதலாவது, இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய வீடுகளுள் 47.2 விழுக்காட்டில் மட்டுமே தொலைக்காட்சி இருந்தது. தமிழ்நாட்டில் இது 87 விழுக்காடாக இருந்தது.

இரண்டாவது, தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம். 2007 அக்டோபரில் பதிவு செய்யப்பட்டுச் சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்த இந்நிறுவனம், 2011 செப்டம்பர் 2 அன்று சென்னை நீங்கலான மாவட்டங்களில் மீண்டும் செயற்படத் தொடங்கியது. மாதம் 70 ரூபாய்க்கு 90 அலைவரிசைகள் என்பது அதன் திட்டம். உள்ளூர் இயக்குநர்கள் தங்கள் வடங்களை இந்நிறுவனத்தின் சமிக்ஞையுடன் இணைத்துக்கொண்டனர்.

### எண்ணிமமாக்கல்

தொடக்கத்தில் கம்பிவடத்தில் ஒப்புமைச் சமிக்ஞையே அனுப்பப்பட்டது. பணம் செலுத்தும் அலைவரிசைகளுக்குச் செட்டாப் பெட்டியைக் கட்டாயமாக்கும் முறை 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2011ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், நாடு முழுவதும் நான்கு கட்டங்களாக எண்ணிம முறைக்கு மாற வேண்டும் என விதித்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்கள் முதற் கட்டத்தில் அடங்கின. சிற்றூர்கள் நான்காம் கட்டத்தில் சேர்க்கப்பட்டன. அதற்கான இறுதிக் கெடு நீட்டிக்கப்பட்டு 2017 மார்ச் 31 என அமைந்தது. அரசு கேபிள் நிறுவனத்துக்கு 2017 ஏப்ரலில் எண்ணிம உரிமம் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் அது செட்டாப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது.

### இணையத்தின் வருகை

கம்பிவடம் எண்ணிமமாகிக் கொண்டிருந்த அதே வேளையில் இணையவழிச் சேவைகளும் வந்து சேர்ந்தன. ஹாட்ஸ்டார் 2015 பிப்ரவரியிலும், சன் நெக்ஸ்ட் 2017 ஜூனிலும் தொடங்கப்பட்டன. 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை தொடங்கியபின் இந்தியாவில் தரவின் விலை பெருமளவு வீழ்ந்தது. ஐபிஎல் துடுப்பாட்டப் போட்டிகளின் 2023 முதல் 2027 வரையிலான உரிமைகள் 2022 ஜூனில் ஏலம் விடப்பட்டபோது, தொலைக்காட்சி உரிமையும் இணைய உரிமையும் இருவேறு நிறுவனங்களுக்குச் சென்றன. 2023ஆம் ஆண்டுப் போட்டிகள் ஜியோசினிமா செயலியில் கட்டணமின்றி ஒளிபரப்பப்பட்டன. பின்னர் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் இணைந்து 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் என்னும் ஒரே சேவையாயின. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியும் 2024 நவம்பரில் வேவ்ஸ் என்னும் செயலியை வெளியிட்டது.

இதன் விளைவு எண்ணிக்கையிலும் காணப்படுகின்றது. கட்டண டிடிஎச் சேவைகளின் இந்தியச் சந்தாதாரர்கள் 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 7 கோடியாக இருந்தனர். 2024ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வெண்ணிக்கை 6 கோடிக்கும் கீழே இறங்கியது.

## செயற்படும் முறை

### கம்பிவடம்

கம்பிவட வலையமைப்பின் தொடக்கமுனையில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் எல்லா அலைவரிசைகளும் செயற்கைக்கோளிலிருந்து பெறப்பட்டு ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. ஒப்புமை முறையில் ஓர் அலைவரிசைக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்சு இடம் தேவைப்பட்டது. எண்ணிம முறையில் அதே 8 மெகாஹெர்ட்சு இடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட்டு தரவை அனுப்ப இயலும். ஓர் அலைவரிசைக்கு 2.5 மெகாபிட்டு எனக் கொண்டால், முன்பு ஓர் அலைவரிசை இருந்த இடத்தில் இப்போது 15 அலைவரிசைகள் அடங்கும்.

எல்லா அலைவரிசைகளும் எல்லா நேரமும் எல்லா வீடுகளின் வாயில் வரை வந்துகொண்டே இருக்கின்றன என்பது இங்குக் கவனிக்க வேண்டியது. செட்டாப் பெட்டி அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் காட்டுகின்றது. பத்து வீடுகள் பார்த்தாலும் பத்தாயிரம் வீடுகள் பார்த்தாலும் வடத்தில் செல்வது ஒரே படிதான். கூடுதல் பார்வையாளரால் வடத்தின் சுமை கூடுவதில்லை.

### இணையவழி

இணையவழி நேரலையில் அலைவரிசை முதலில் சில நொடிகள் நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டப்படுகின்றது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் உருவாக்கப்பட்டு, நாட்டின் பல நகரங்களில் உள்ள வழங்கிகளில் வைக்கப்படுகின்றது. பார்வையாளரின் செயலி இத்துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பெறுகின்றது. இணைய வேகம் குறைந்தால் தரம் குறைந்த துண்டையும், கூடினால் தரம் மிகுந்த துண்டையும் செயலி தானே தெரிவு செய்கின்றது. படம் சில நேரம் மங்கியும் சில நேரம் தெளிந்தும் தோன்றுவதன் காரணம் இதுவேயாகும்.

இம்முறையில் ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனிப் படி அனுப்பப்படுகின்றது. 300 வீடுகள் உள்ள ஒரு சிற்றூரில் அனைவரும் ஒரே போட்டியை நொடிக்கு 2 மெகாபிட்டு தரத்தில் பார்த்தால், அவ்வூருக்கு வரும் இணைப்பில் 600 மெகாபிட்டு சுமை ஏற்படும். கம்பிவடத்தில் இதே போட்டிக்கு 2 அல்லது 3 மெகாபிட்டு போதும். ஏரியின் மதகைத் திறந்து பொதுக் கால்வாயில் நீரை விடுவதற்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குடத்தில் நீரைச் சுமந்து செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு ஒப்பிடலாம். குடத்தில் வருவது அவரவர் வேண்டியபோது வேண்டிய நீராக இருக்கலாம். ஆனால் சுமை தலைக்குத் தலை கூடுகின்றது.

துண்டுகளாக அனுப்புவதால் காலத் தாழ்வும் ஏற்படுகின்றது. துண்டு ஒன்று 6 நொடி நீளமுடையது எனவும், செயலி மூன்று துண்டுகளைச் சேமித்துக்கொண்டு ஓடத் தொடங்குகின்றது எனவும் கொண்டால், இதனால் மட்டுமே 18 நொடி தாழ்வு உண்டாகும். அடுத்த வீட்டில் கேபிளில் ஆறு ஓட்டம் அடித்த ஆரவாரம் கேட்ட பின்னரே இங்குப் பந்து வீசப்படுவதைக் காண நேர்வது இதனால்தான்.

### ஒளியிழையும் இடைவழியும்

கம்பிவடமும் இணையமும் எதிரெதிரான இரு வழிகள் எனத் தோன்றினாலும், ஒளியிழை வந்தபின் இரண்டும் ஒரே இழையில் பயணம் செய்கின்றன. வீடு வரை வரும் ஒளியிழையில் 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் தரவு இறங்குகின்றது; 1310 நானோமீட்டரில் தரவு மேலே செல்கின்றது; 1550 நானோமீட்டரில் கேபிள் தொலைக்காட்சிச் சமிக்ஞையை அனுப்ப இயலும். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

ஜிபான் எனப்படும் பரவலான முறையில், நொடிக்கு ஏறத்தாழ 2,488 மெகாபிட்டு கொள்ளளவுள்ள ஓர் இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்தளிக்கப்படுகின்றது. 64 வீடுகளும் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்தினாலும் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 39 மெகாபிட்டு கிடைக்கும். ஆகவே ஒளியிழை வீடு வரை வந்த ஊர்களில் மாலை நேர நெரிசலுக்குக் கடைசித் தெரு காரணமாவது அரிது. ஊருக்கு வெளியேயிருந்து வரும் முதன்மை இணைப்பின் அளவே பெரும்பாலும் காரணமாகின்றது.

ஐபிடிவி முறையில் பல்பரப்பு என்னும் நுட்பத்தைக் கையாள இயலும். இதில் ஓர் அலைவரிசையின் ஒரே படி வலையமைப்பின் கிளைகள் வரை சென்று அங்குப் பிரிக்கப்படுகின்றது. கம்பிவடத்தின் சிக்கனமும் இணையத்தின் வசதியும் இதில் ஓரளவு ஒன்று சேர்கின்றன. பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனம் (பிஎஸ்என்எல்) தன் ஒளியிழை வாடிக்கையாளர்களுக்கான வலையமைப்புவழித் தொலைக்காட்சிச் சேவையை 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் முதலில் தொடங்கியது. இச்சேவையில் அலைவரிசைகளைப் பார்ப்பது வாடிக்கையாளரின் தரவு அளவில் கழிக்கப்படுவதில்லை.

## உத்திரமேரூர் வட்டார நிலை

உத்திரமேரூர், காஞ்சிபுரம் நகருக்குத் தெற்கே அமைந்த பேரூராட்சி ஆகும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ் பெற்றது. இதன் ஊராட்சி ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள் உள்ளன. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களுள் ஊராட்சி எண்ணிக்கையில் பெரியது இதுவே. ஏரிப்பாசன நெல் வேளாண்மையை நம்பிய, வயல்களுக்கு நடுவே விலகி விலகி அமைந்த சிற்றூர்கள் இவை. பேரூராட்சியின் கடைத்தெருவுக்குப் பொருந்தும் கணக்கு, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள சிற்றூருக்குப் பொருந்தாமற் போகலாம்.

இத்தகைய ஊர்களில் இணையம் இரு வழிகளில் கிடைக்கின்றது. ஒன்று கைப்பேசிக் கோபுரம். மற்றொன்று ஒளியிழை. ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டுசெல்லும் நடுவண் அரசின் திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் இப்பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் மேற்கொண்டு வருகின்றது. ஊராட்சி அலுவலகம் வரை இழை வருவதும், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் இழை செல்வதும் இருவேறு பணிகள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இரண்டாவது பணியைப் பெரும்பாலும் உள்ளூர் இயக்குநர்களே செய்கின்றனர்.

கைப்பேசி இணையத்தை மட்டும் நம்பும் வீடுகளில் வேக அளவைகள் காட்டாத ஒரு சிக்கல் உண்டு. கம்பிவட இணைப்பு வீட்டுக்கு உரியது. கைப்பேசி இணைப்பு ஆளுக்கு உரியது. வயலுக்கோ ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைக்கோ செல்பவர் தம் கைப்பேசியை எடுத்துச் சென்றுவிட்டால், வீட்டில் இருக்கும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் தொலைக்காட்சி இல்லாமற் போகின்றது. கம்பிவடத்தை நிறுத்தினால் அதற்கு ஈடாக வேண்டுவது வீட்டில் நிலைத்திருக்கும் இணைப்பே ஆகும்.

## தரவுக் கணக்கு

நொடிக்கு 1 மெகாபிட்டு என்பது மணிக்கு 450 மெகாபைட்டு ஆகும். இதனைக் கொண்டு பின்வருமாறு கணக்கிடலாம்.

- கைப்பேசித் திரைக்குப் போதுமான தாழ்ந்த தரம் (0.7 மெகாபிட்டு): மணிக்கு 315 மெகாபைட்டு
- வழக்கமான தரம் (2 மெகாபிட்டு): மணிக்கு 900 மெகாபைட்டு
- உயர் தெளிவு (5 மெகாபிட்டு): மணிக்கு 2.25 கிகாபைட்டு

மாலை 6 மணி முதல் 10 மணி வரை தொடர்களும் செய்திகளும் பார்க்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வழக்கமான தரத்தில் நான்கு மணி நேரத்துக்கு 3.6 கிகாபைட்டு தேவை. நாளொன்றுக்கு 1.5 கிகாபைட்டு தரும் கைப்பேசித் திட்டம் 1 மணி 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். தாழ்ந்த தரத்தில் பார்த்தால் நான்கு மணி நேரமும் 1.26 கிகாபைட்டில் அடங்கும். ஆனால் பெரிய திரையில் எழுத்துகளும் முகங்களும் மங்கலாகத் தோன்றும். அத்தோடு, பள்ளிப் பாடத்துக்கோ பணப் பரிமாற்றத்துக்கோ மிஞ்சும் தரவு மிகக் குறைவு.

ஒளியிழை இணைப்பில் இந்நெருக்கடி இல்லை. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் உயர் தெளிவில் பார்த்தாலும் மாதத்துக்கு ஏறத்தாழ 340 கிகாபைட்டே செலவாகும். பல திட்டங்களின் மாத வரம்பு இதனைப் போல் பல மடங்காகும்.

## கட்டணம்

டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண முறை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி முதல் 100 அலைவரிசைகளுக்கான வலையமைப்புக் கட்டணத்தின் உச்ச அளவு 130 ரூபாய். 18 விழுக்காடு வரியுடன் 153 ரூபாய் 40 காசு. இதற்கு மேல் கட்டண அலைவரிசைகளுக்குத் தனி விலை. தொகுப்பில் இடம்பெறும் அலைவரிசையின் விலை 19 ரூபாயைத் தாண்டலாகாது என வரையறுக்கப்பட்டது. சன் தொலைக்காட்சி அவ்வுச்ச விலையையே தனக்கு வைத்துக்கொண்டது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதே 130 ரூபாய்க்கு 200 அலைவரிசைகள் என மாற்றப்பட்டது. 2024 ஜூலையில் வலையமைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பு நீக்கப்பட்டது.

இணையவழிக்கு மாறும் வீட்டின் செலவு மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது இணைய இணைப்பு. நொடிக்கு 30 மெகாபிட்டு வேகமுள்ள அடிப்படை ஒளியிழைத் திட்டங்கள் 399, 449 ரூபாய் என்னும் விலைகளில் விற்கப்பட்டு வந்துள்ளன. வரியுடன் முறையே ஏறத்தாழ 471, 530 ரூபாய். இரண்டாவது செயலிகளின் சந்தா. தமிழ் அலைவரிசைகள் பல குழுமங்களுக்கு உரியன. ஒவ்வொரு குழுமமும் தனிச் செயலி வைத்துள்ளது. கம்பிவடத்தில் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த எண்களில் இருந்த அலைவரிசைகள் இங்குப் பல சந்தாக்களில் பிரிந்துவிடுகின்றன. மூன்றாவது கருவி. இலவசத் திட்டத்தில் பெறப்பட்ட பழைய குழாய்த் தொலைக்காட்சியில் இணையக் கருவியைப் பொருத்தும் எச்டிஎம்ஐ துளை இல்லை. ஆகவே புதிய பெட்டி வாங்க நேரும்.

தொலைக்காட்சிக்காக மட்டும் இணைப்புப் பெறும் வீட்டிற்கு இம்மாற்றம் செலவைக் கூட்டுகின்றது. கல்லூரி மாணவரோ வீட்டிலிருந்து பணிபுரிபவரோ இருப்பதால் ஒளியிழை எப்படியும் தேவைப்படும் வீட்டிற்குக் கேபிள் கட்டணம் மிச்சமாகின்றது. ஒரே தெருவில் உள்ள இரு வீடுகளுக்கு இரு வேறு விடைகள் வருவது இதனாலேயே.

தொடக்க விலை நிலைத்திருக்கும் எனக் கொள்வதற்கில்லை. அமெரிக்காவில் கேபிளுக்கு மலிவான மாற்றாக 2017இல் 35 டாலருக்குத் தொடங்கப்பட்ட யூடியூப் டிவி, 2025 ஜனவரியில் 82.99 டாலரை எட்டியது. இந்தியாவிலும் 2024 ஜூலையில் கைப்பேசித் திட்டங்களின் விலைகள் உயர்த்தப்பட்டன.

## சட்ட வேறுபாடுகள்

கம்பிவட இயக்குநர் 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர். குறிப்பிட்ட தூர்தர்ஷன் அலைவரிசைகளை அவர் கட்டாயம் தர வேண்டும். அலைவரிசை விலைகள் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். இணையவழிச் சேவைகள் 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ் வருகின்றன. இவ்விதிகள் உள்ளடக்கத்தின் தரவகைப்பாடு, குறைதீர்ப்பு ஆகியவற்றைப் பேசுகின்றன. கட்டணத்தைப் பற்றி அல்ல. டிராயின் அலைவரிசைக் கட்டண விதிகள் செயலிகளுக்குப் பொருந்துவதில்லை. இரு துறைகளையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவரும் வரைவு 2023 நவம்பரில் வெளியிடப்பட்டது. எனினும் அது சட்டமாக நிறைவேறவில்லை.

## பொதுப்பயன்: கல்வித் தொலைக்காட்சி

ஒரே படியை அனைவருக்கும் அனுப்பும் முறையின் பயன் பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்பட்டது. தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டு, அரசு கேபிளில் வழங்கப்பட்டது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் வகுப்பு வாரியாக இதில் ஒளிபரப்பப்பட்டன. இணைய வகுப்புக்குத் தேவையான கைப்பேசியோ தரவோ இல்லாத வீட்டுப் பிள்ளையும், கேபிள் இணைப்பு இருந்தால், கூடுதல் செலவின்றிப் பாடத்தைக் காண முடிந்தது.

இம்முறைக்குக் குறையும் உண்டு. குறித்த நேரத்தில் பார்க்கத் தவறினால் பாடம் போய்விடும். ஐயம் கேட்க இயலாது. அதே பாடங்கள் யூடியூபிலும் ஏற்றப்பட்டபின், தவறவிட்டதை மீண்டும் காணவும் புரியாத இடத்தில் நிறுத்திப் பார்க்கவும் இயன்றது. ஒலிபரப்பின் பரவலும் இணையத்தின் நெகிழ்வும் ஒன்றுக்கொன்று துணையாக அமையலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

## உள்ளூர் இயக்குநர்

மழையில் வடம் அறுந்தால் ஏணியுடன் வருபவரும், மாதப் பணத்தை வீட்டு வாசலில் வந்து பெறுபவரும், அறுவடை முடியும் வரை பொறுப்பவரும் ஒரே ஆளாக இருப்பது சிற்றூர்க் கேபிளின் இயல்பு. செயலிச் சேவைகளில் பணம் முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும். நாள் கடந்தால் சேவை நின்றுவிடும். குறையைத் தொலைபேசியிலோ எழுத்திலோ தெரிவிக்க வேண்டும்.

உள்ளூர் அலைவரிசை என்பதும் கேபிளோடு சேர்ந்தது. கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, உள்ளூர்க் கடைகளின் விளம்பரம் ஆகியவற்றை ஊருக்குள்ளேயே காட்டும் இவ்வலைவரிசைகள் பெருஞ்செயலிகளில் இடம்பெறுவதில்லை. அவற்றின் பணி இப்போது யூடியூப் நேரலைகளுக்குச் சென்று வருகின்றது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் ஊர்க்காரர் தம் ஊர்த் தேரோட்டத்தைக் காண முடிவது இதன் நன்மை.

எண்ணிமமாகிய கம்பிவடமும் மென்பொருளைச் சார்ந்தே இயங்குகின்றது என்பதைக் குறிப்பிட வேண்டும். 2022 நவம்பரில் ஒரு மென்பொருள் சிக்கலால் அரசு கேபிளின் இலட்சக்கணக்கான செட்டாப் பெட்டிகள் ஒரே நேரத்தில் செயலிழந்தன. வடத்தைச் சரிசெய்யத் தெரிந்த உள்ளூர் இயக்குநரால் இத்தகைய பழுதை நீக்க இயலவில்லை.

இயக்குநர்கள் பலர் தங்கள் செப்பு வடங்களை ஒளியிழையாக மாற்றி, தொலைக்காட்சியுடன் இணையத்தையும் வழங்கும் தொழிலுக்கு மாறி வருகின்றனர். கம்பங்களும், வீட்டு வாசல் வரை உள்ள அறிமுகமும் ஏற்கெனவே இவர்களிடம் உள்ளன. முதலீடும் பயிற்சியும் கிடைக்காதவர்கள் தொழிலை விட்டு விலக நேர்கின்றது.

## மாறுவதற்கு முன் கருத வேண்டியவை

- வீட்டில் நிலைத்திருக்கும் ஒளியிழை இணைப்பு உள்ளதா அல்லது கைப்பேசித் தரவு மட்டுமா என்பது முதற் கேள்வி. கைப்பேசித் தரவு மட்டும் எனில், முழுநேரத் தொலைக்காட்சிக்கு அது போதாது.
- வீட்டில் உள்ளோர் உண்மையில் பார்க்கும் அலைவரிசைகள் பெரும்பாலும் பத்துக்குள் அடங்கும். அவை எந்தெந்தச் செயலிகளில் நேரலையாக உள்ளன என்பதைப் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் ஓர் அலைவரிசை செயலியிலிருந்து நீக்கப்படலாம்.
- இணைய வேகத்தை இரவு 8 மணி அளவில் சோதிக்க வேண்டும். நண்பகல் வேகம் நெரிசலைக் காட்டாது.
- மின்தடையின்போது தொலைக்காட்சி மட்டுமன்றி இணையப் பெட்டியும் நின்றுவிடும். அதற்குச் சிறு மின்கலம் தேவைப்படலாம்.
- எண்களை அழுத்தி அலைவரிசை மாற்றிப் பழகிய முதியோருக்குச் செயலிகளின் படப்பட்டியல் கடினமாக இருக்கலாம். இயக்குநர் வழங்கும் ஐபிடிவிப் பெட்டிகளில் பழைய எண் முறை பெரும்பாலும் தொடர்கின்றது.
- ஒரு மாதம் இரண்டையும் வைத்திருந்து, கேபிள் பெட்டி எத்தனை நாள் இயக்கப்பட்டது எனக் குறித்துப் பார்ப்பது, முடிவெடுக்கும் எளிய வழியாகும்.